'50% வரை'... அந்தக் குட்டி 'வரை'யைப் பார்த்தீங்களா? ஆடித் தள்ளுபடியில் நாம ஏமாறும் இடம் இதுதான்!

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி பஜார் பக்கம் நடந்தால் போதும், ஆடி பிறந்துவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ள காலண்டர் தேவையில்லை. ஜவுளிக்கடை வாசலெல்லாம் ஃப்ளெக்ஸ். 'ஆடி அதிரடி', '50%', 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்'. ஆட்டோவில் மைக் கட்டி திருச்சுழி, நரிக்குடி, பந்தல்குடி வரைக்கும் சத்தம் போகும். சனி, ஞாயிறு வந்தால் அந்தப் பக்கத்து டவுன் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது.

கடைக்குள்ளே இப்படி ஒரு பேச்சை நீங்களும் கேட்டிருப்பீங்க...

"ஏத்தா, ஆயிரத்து ஐந்நூறு ரூவா சுடிதாராம். பாதி விலைக்குத் தர்றாங்க. எடுத்துக்கிறியா?"

"கலர் புடிக்கலம்மா."

"பாதி விலைத்தா... அடுத்த வாரம் வந்தா கிடைக்குமா? எடுத்துக்கோ."

கலர் பிடிக்கவில்லை. தேவையும் அவ்வளவாக இல்லை. ஆனாலும் பில் போட்டாச்சு. வாங்க வைத்தது துணி அல்ல. டேக்கில் அடித்துவிடப்பட்ட அந்த 1,500 என்ற எண். இப்போ ஒரே ஒரு கேள்வி. அந்த சுடிதாரை 1,500 ரூபாய் கொடுத்து யாராவது, என்றைக்காவது வாங்கியிருப்பாங்களா?

தள்ளுபடி விஷயத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது மட்டும்தான். ஆனால் இதற்கான பதில் எந்த போர்டிலும் இருக்காது.

எம்.ஆர்.பி-யை எழுதுறது யாரு?

எம்.ஆர்.பி என்றால் அதிகபட்ச சில்லறை விலை. எல்லா வரியும் அதற்குள்ளேயே அடக்கம். அதைவிட ஒரு ரூபாய் கூடுதலாக விற்றாலும் தப்பு. இதெல்லாம் நமக்குத் தெரியும். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. சட்டையின் எம்.ஆர்.பி-யை அரசாங்கம் முடிவு செய்வதில்லை. சில அத்தியாவசிய மருந்துகளுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. துணிக்கு அப்படி எதுவும் கிடையாது. தயாரிப்பவரோ, பேக் செய்பவரோ, இறக்குமதி செய்பவரோ என்ன எண்ணைப் போடுகிறாரோ, அதுதான் எம்.ஆர்.பி.

அதாவது, மேலே போகக் கூடாது என்பதற்குத்தான் விதி இருக்கிறது. அந்த 'மேல்' எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்பதற்கு விதி இல்லை.

ஒரு சின்ன கணக்கு. ஒரு சட்டையை 750 ரூபாய்க்கு விற்றால் கடைக்குக் கட்டுபடியாகும் என்று வைத்துக்கொள்வோம். டேக்கில் 750 என்று போட்டு நேராக விற்கலாம். அல்லது 1,500 என்று போட்டு, மேலே '50% தள்ளுபடி' போர்டு மாட்டலாம். கல்லாவுக்கு வரும் பணம் ரெண்டிலுமே ஒன்றுதான். ஆனால் முதல் கடையில் நாம் 750 ரூபாய் செலவு பண்ணினோம். ரெண்டாவது கடையில் 750 ரூபாய் மிச்சம் பிடித்தோம்! குறைந்தபட்சம் நம் மனசு அப்படித்தான் நினைக்கிறது.

இது நம் ஊர்க்காரர்களின் வெகுளித்தனம் இல்லை. மனித மூளையே அப்படித்தான். 1974-ல் ட்வெர்ஸ்கி, கானமன் என்ற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள். அது 10-ல் அல்லது 65-ல் நிற்கும்படி முன்பே செட் செய்யப்பட்டிருக்கும். பிறகு, 'ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவிகிதம்?' என்று கேட்பார்கள். சக்கரத்துக்கும் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் 10-ஐப் பார்த்தவர்களின் நடுவாந்திர பதில் 25. 65-ஐப் பார்த்தவர்களின் பதில் 45. முதலில் கண்ணில் பட்ட எண், பின்னால் வரும் கணக்கைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. அடித்துவிடப்பட்ட 1,500-ம் அந்தச் சக்கரம் மாதிரிதான்.

இன்னொரு தகவல். கடையில் பிரித்து, தொங்கவிட்டு விற்கப்படும் ஆடைகளுக்குத் தயாரித்த மாதம், வருடத்தைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022-ல் விதி தளர்த்தப்பட்டது. தொழிலுக்கு அது வசதிதான். ஆனால் 'இது போன வருஷ ஸ்டாக்கா, இந்த ஆடிக்கே இறக்கினதா?' என்று டேக்கைப் பார்த்து நாம் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாத் தள்ளுபடியும் பொய்யா?

இல்லவே இல்லை. நியாயமா பேசணும்ல?

ஆடியில் கல்யாணம் கிடையாது. வைகாசி, ஆனி முகூர்த்தம் முடிந்து கடையில் கூட்டம் குறையும். அடுத்த பெரிய வியாபாரம் தீபாவளி. அதற்குப் புதுச் சரக்கு வைக்க அலமாரியில் இடம் வேண்டும், கையில் ரொக்கம் வேண்டும். சைஸ் உடைந்த சட்டை, ஒரே கலரில் மிஞ்சிப்போன புடவை, ஃபேஷன் மாறிப்போன சுடிதார் இதையெல்லாம் அடக்க விலைக்கோ, நட்டத்துக்கோகூட தள்ளிவிடுவது உண்டு. ஆடித் தள்ளுபடி பிறந்ததே இந்தக் காரணத்தால்தான். இது உண்மையான தள்ளுபடி.

சிக்கல் எங்கே என்றால், உண்மையான தள்ளுபடியும் ஜோடிக்கப்பட்ட தள்ளுபடியும் ஒரே மாதிரி ஃப்ளெக்ஸில், ஒரே மாதிரி சிவப்பு எழுத்தில் தொங்குகின்றன. சேலுக்கென்றே தனியாக வரவழைத்த மட்டமான துணியும், பழைய நல்ல ஸ்டாக்கும் ஒரே மேஜையில் குவிந்து கிடக்கும். வெளியில் இருந்து பார்க்கிற நமக்கு வித்தியாசம் தெரியாது.

வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவங்களுக்குத்தான் அடி

இதில் யார் அதிகம் ஏமாறுகிறார்கள்? 'படிக்காதவங்க' என்று சட்டென்று சொல்லிவிடாதீங்க. விலை ஞாபகம் இல்லாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

மாதம் ஒரு தடவை கடைக்குப் போகிறவருக்கு, 'இந்த சட்டை போன மாசமும் 750-தானே?' என்று தெரியும். வருடத்துக்கு ஒன்றோ ரெண்டோ முறை துணி எடுக்கிற குடும்பத்துக்கு அந்த ஞாபகம் இருக்க வாய்ப்பே இல்லை. அவர்களுக்கு விலை சொல்வது போர்டு மட்டும்தான்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பெரும்பாலும் மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில்தான் காசு. ஆடியில் கை வறண்டிருக்கும். தீபாவளிக்குப் பயிர் முளைத்திருக்கும், அறுவடை வந்திருக்காது. அதனால் ஆடியில் எடுக்கிற துணி பல வீடுகளில் கடன் காசிலோ, மில் சம்பளத்திலோ, கரிமூட்டக் கூலியிலோ எடுக்கிற துணி. 2025-26-க்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். பிடிக்காத கலரில் 'பாதி விலை' என்று எடுத்த 750 ரூபாய் சுடிதார், ரெண்டு நாள் கூலிக்கும் மேல். சிட்டியில் இருக்கிறவருக்கு அது ஒரு வேளை பிரியாணி பார்ட்டி. இங்கே அது வெயிலில் நின்ற ரெண்டு நாள்.

ஃப்ளெக்ஸில் இருக்கும் கணக்கு

போர்டுகளில் அடிக்கடி வரும் சில வார்த்தைகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

'50% வரை': '50%' ஆள் உயரத்துக்கு இருக்கும், 'வரை' சுண்டுவிரல் அளவில் இருக்கும். கடையில் பத்து உருப்படிக்கு 50 சதவிகிதமும், மீதி எல்லாவற்றுக்கும் 5 சதவிகிதமும் கொடுத்தால்கூட, 'வரை' என்று போட்டதால் எழுத்தளவில் அது பொய்யில்லை.

'50% + 20%': கூட்டினால் 70 என்று தோன்றும். ஆனால் 1,000 ரூபாய் துணி முதலில் 500 ஆகும். அந்த 500-ல்தான் 20 சதவிகிதம் கழியும். கடைசியில் கொடுப்பது 400. அதாவது தள்ளுபடி 60 சதவிகிதம்தான்.

'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்': இது 50 சதவிகிதம். 'ரெண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்றால் 33 சதவிகிதம். ஆனால் ஒரு சட்டை எடுக்கப் போனவர் மூன்று சட்டைக்கான கணக்கில் நிற்பார். விலை குறைந்த உருப்படிதான் 'இலவசம்' என்பதும் பில் போடும்போதுதான் தெரியவரும்.

'3,000 ரூபாய்க்கு மேல் பில் போட்டால் பரிசு': 2,400 ரூபாய்க்குத் துணி எடுத்தவர், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்காக இன்னும் 600 ரூபாய்க்குத் தேவையில்லாததை எடுப்பார். டப்பாவின் உண்மையான விலை 600 ரூபாய்!

'ஜி.எஸ்.டி ஆஃபர்': 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவிகிதம் வரி, அதற்கு மேல் 18 சதவிகிதம். முன்பு 1,000 ரூபாயைத் தாண்டினாலே 12 சதவிகிதம். ஆக, 1,500 ரூபாய் துணியில் வரி குறைந்ததால் கிடைக்கும் விலைக் குறைப்பு நமக்குச் சேர வேண்டியது. அது கடை கொடுக்கும் சலுகை அல்ல.

சட்டம் என்ன சொல்லுது?

இந்த விஷயத்தில் சட்டம் தூங்கவில்லை. 1984-லேயே எம்.ஆர்.டி.பி சட்டத்தில் 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்ற பகுதியைச் சேர்த்தபோது, பொய்யான 'மலிவு விலை' விளம்பரமும் அதில் வந்தது. இப்போது நடைமுறையில் இருக்கும் 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்பட்டது, விற்கப்படுகிறது என்பது பற்றி மக்களைத் தவறாக நம்பவைப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. மலிவு விலை என்று விளம்பரம் செய்துவிட்டு, நியாயமான அளவுக்குச் சரக்கு வைக்காமல் இருப்பதும் அப்படியே.

'போர்டுதானே, அதெல்லாம் விளம்பரமா?' என்று கேட்டால், ஆமாம். சட்டத்தின்படி நோட்டீஸ், லேபிள், பில்கூட விளம்பரம்தான். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

கேஸ் போட்டு ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். 'ஃப்ளாட் 40% ஆஃப்' என்று போர்டு வைத்துவிட்டு, தள்ளுபடி விலைக்கு மேல் தனியாக வாட் வரி வசூலித்தது வுட்லேண்ட் ஷோரூம். எம்.ஆர்.பி-யிலேயே எல்லா வரியும் அடக்கம் எனும்போது, தள்ளுபடிக்குப் பிறகு தனியாக வரி போடுவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2017 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பு சொன்னது. 2019-ல் சண்டிகரில், விளம்பரம் அச்சடித்த காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கியதற்காக, பாட்டா நிறுவனம் சுமார் 9,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. மூணு ரூபாய்க்குக் கேஸா என்று சிரிக்காதீங்க. அந்த மூணு ரூபாயை எத்தனை பேரிடம் வாங்கியிருப்பாங்க என்பதுதான் கணக்கு.

ஆனால் ஓட்டை ஒன்று இருக்கிறது. எம்.ஆர்.பி-யை விடக் குறைத்து விற்பது குற்றமே இல்லை. 'பழைய விலை' என்று காட்டப்படும் விலையில் எத்தனை நாள் விற்றிருக்க வேண்டும் என்று நம் சட்டம் நாள் கணக்கு சொல்லவில்லை. எனவே 'அந்த 1,500 பொய்' என்று நிரூபிக்கும் பாரம் கடைசியில் வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது. திருச்சுழியில் இருந்து பஸ் ஏறி வந்த அம்மா, அந்தக் கடையின் மூன்று மாத பில் புத்தகத்துக்கு எங்கே போவார்?

மத்த ஊர்ல எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு ஒரு எளிமையான விதி உண்டு. 2022 மே 28 முதல் அது அமலில் இருக்கிறது. தள்ளுபடி என்று அறிவித்தால் பழைய விலையையும் காட்ட வேண்டும். அந்தப் பழைய விலை, அதற்கு முந்தைய 30 நாள்களில் அந்தக் கடை விற்ற விலைகளிலேயே குறைவானதாக இருக்க வேண்டும். சேலுக்கு முதல் வாரம் விலையை ஏற்றிவிட்டு, சேலில் இறக்கும் வேலை நடக்காது. வாழைப்பழம், அன்னாசிப்பழ விளம்பரம் ஒன்றுக்காக ஆல்டி என்ற சூப்பர் மார்க்கெட் மீது வந்த வழக்கில், தள்ளுபடி சதவிகிதத்தையே அந்த 30 நாள் விலையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

'அப்போ கடைக்காரங்களே நேர்மையா ஒரே விலை போட்டா என்ன?' என்று தோன்றலாம். அமெரிக்காவில் அதையும் ஒருத்தர் செய்து பார்த்தார். ஜே.சி.பென்னி என்ற பெரிய ஜவுளி நிறுவனத்தின் தலைவராக வந்த ரான் ஜான்சன், 2012-ல் கூப்பன், போலித் தள்ளுபடி எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, நேரான குறைந்த விலையை டேக்கில் போட்டார். என்ன ஆச்சு தெரியுமா? அந்த வருடம் விற்பனை சுமார் 25 சதவிகிதம் சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவியே போனது. கூப்பன்கள் திரும்பி வந்தன.

நம் பஜாருக்கும் இது பொருந்தும். பக்கத்துக் கடை '50%' மாட்டியிருக்கும்போது, '750 ரூபாய், நியாய விலை' என்று மட்டும் எழுதுகிற சின்னக் கடைக்காரரைத் தாண்டி நாம் நடந்துவிடுகிறோம். அடுத்த ஆடிக்கு அவரும் டேக்கை மாற்றுவார். ஒரு கடைக்காரர் மட்டும் திருந்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. எல்லாருக்கும் ஒரே விதி வேண்டும். 30 நாள் விலை விதி மாதிரி ஒன்று இங்கே வந்தால், நேர்மையாக விற்கிற கடைக்குத்தான் முதல் லாபம்.

ரீல்ஸ்ல பார்த்துட்டு கிளம்புறீங்களா?

இப்போ ஃப்ளெக்ஸை விட ரீல்ஸ்தான் வேகம். 'மதுரையில் வெறும் 199 ரூபாய்க்கு புடவை... ஓடுங்க மக்களே' என்று ஒரு வீடியோ வரும். பஸ் செலவு பண்ணிப் போனால், 'அது நேத்தே முடிஞ்சிருச்சுக்கா, இதப் பாருங்க' என்று 899 ரூபாய் புடவையைக் காட்டுவார்கள். 2022 ஜூனில் வந்த மத்திய அரசின் விளம்பர வழிகாட்டுதலில் இதற்கு 'தூண்டில் விளம்பரம்' என்ற பொருளில் தனிப் பகுதியே இருக்கிறது. போதுமான சரக்கு இல்லாமல் ஆள் இழுக்கக் கூடாது; சரக்கு குறைவு என்றால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். காசு வாங்கிக்கொண்டு வீடியோ போடுகிறவரும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்தில் தோன்றினால் அவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் வரலாம்.

ஆப்பில் வாங்கினால், 'இன்னும் 2 மட்டுமே உள்ளது', 'ஆஃபர் முடிய 9 நிமிடம்' என்று மிரட்டும். அந்த அவசரம் பொய்யாக இருந்தால் அதுவும் தப்புதான். 2023 நவம்பரில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் போலி அவசரத்துக்கும் இடம் உண்டு.

சரி, நாம என்ன செய்யலாம்?

அருப்புக்கோட்டை நெசவு ஊர். தறியும் நூற்பாலையும் வளர்த்த ஊர். துணியைக் கையில் பிடித்து, விரலால் தேய்த்துப் பார்த்தே தரம் சொல்கிற பெரியவங்க இன்னும் நிறைய வீட்டில் இருக்காங்க. முடிந்தால் அப்பத்தாவையோ தாத்தாவையோ கடைக்குக் கூட்டிப் போங்க. அவங்க டேக்கைப் பார்க்க மாட்டாங்க, துணியைத்தான் பார்ப்பாங்க. நாமும் அதைத்தான் பழகணும்.

* சதவிகிதத்தை மறந்துடுங்க. 'கையை விட்டுப் போற காசு எவ்வளவு?' என்பதை மட்டும் பாருங்க.

* பிடித்த துணியை ஆடிக்கு முன்னாடியே பார்த்து வைத்திருந்தால், டேக்கை போனில் ஒரு போட்டோ எடுத்து வைங்க. விலை ஞாபகம் இல்லாத குடும்பத்துக்கு அந்த போட்டோதான் ஞாபகம். வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைத்தால், அடுத்த சேலுக்கு எல்லாருக்கும் உதவும்.

* டேக்கில் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அடியில் என்ன விலை இருக்கிறது என்று கேளுங்க.

* பில் கட்டாயம் வாங்குங்க. பில் தர மறுப்பதே சட்டப்படி தப்பு. பில்லில் தள்ளுபடிக்குப் பிறகு எம்.ஆர்.பி-க்கு மேல் வரி, பை காசு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்க.

* 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற போர்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கிழிசல், சாயம் போவது மாதிரி குறை இருந்தால், பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ஆனால் 'கலர் புடிக்கல' என்பது குறையில் சேராது. அதைக் கடையிலேயே யோசிச்சுக்கோங்க.

* ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் போர்டு, டேக், பில் மூன்றையும் போட்டோ எடுங்க. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பும் பண்ணலாம்.

* அதிலும் தீராவிட்டால் நம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. மதுரையில் வாங்கிய துணிக்கும், நீங்கள் குடியிருக்கும் விருதுநகர் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்னை நடந்த ரெண்டு வருடத்துக்குள் கொடுக்கணும். 'இ-ஜாக்ரிதி' இணையதளம் மூலமாக வீட்டில் இருந்தே பதிவு செய்யலாம்.

மறுபடியும் அந்தக் கடைக்கே வருவோம். அம்மா சுடிதாரை நீட்டுறாங்க. "பாதி விலைத்தா..."

அப்போ கோபப்படாமல் ஒன்றே ஒன்று கேளுங்க: "அம்மா, இந்த போர்டு இல்ல, டேக்ல 750-னு மட்டும்தான் போட்டிருக்குன்னு வச்சுக்கோ. அப்பவும் இத எடுப்பியா?"

'எடுப்பேன்' என்றால் சந்தோஷமாக எடுத்துக்கோங்க. அது நல்ல துணி, நல்ல விலை. அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மடிச்சு வச்சுட்டாங்கன்னா, அந்த 750-ம் அப்படியே மிச்சம்!